தீராத வயிற்றுவலி

நாளேட்டைப் புரட்டுங்கள், தோழர்களே! முதற்பக்கம் வேண்டாம், அது அமைச்சர்களுக்கும் நடிகர்களுக்கும் உரியது. ஐந்தாம் பக்கமோ ஏழாம் பக்கமோ, மாவட்டச் செய்திகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் மூலையில், நான்கு வரி. ஊர், பெயர், வயது. பிறகு, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த நாள்முதல் நாம் படித்துவரும் அந்தச் சொற்றொடர்: ‘தீராத வயிற்றுவலியால் மனமுடைந்து’.

திங்களன்று கல்லூரி மாணவிக்கு வயிற்றுவலி. செவ்வாயன்று கடனில் மூழ்கிய தறிக்காரருக்கு வயிற்றுவலி. புதனன்று மணமாகி எட்டே மாதமான மருமகளுக்கு வயிற்றுவலி! குடற்புண்ணால் துடித்துச் சாவைத் தேடுவோர் எவருமே இல்லை என்று நான் கூறவில்லை. உடல்நோய் மனத்தை ஒடிக்கும், உண்மை. ஆனால் மனித உடம்பில் எத்தனையோ உறுப்புகள் இருக்க, சாவுக்கு முன் இத்தனை பேருக்கும் வயிறு மட்டுமே வலிப்பது எங்ஙனம்?

யார் எழுதிய வாசகம் இது? செய்தியாளர் எழுதியது அன்று. அவர் காவல்நிலையக் குறிப்பைப் பார்த்து எழுதினார். காவல்நிலைய எழுத்தர் எழுதியதும் அன்று. தகப்பன் சொன்னதை அவர் எழுதிக்கொண்டார். தகப்பன் எண்ணிச் சொன்னதும் அன்று. பிணவறை வாசலில் நின்ற ஊர்ப்பெரியவர் ஒருவர், “வயித்துவலின்னு சொல்லிடுப்பா, சாயங்காலத்துக்குள்ள உடம்பு கைக்கு வந்துடும்” என்று காதோடு சொல்லிக்கொடுத்தது. அச்சமும் மானமும் கூடி எழுதிய கூட்டுப் படைப்பு அந்த வாசகம்! காதல் என்று எழுதினால் சாதி வெளியே வரும். கடன் என்றால் கந்துவட்டிக்காரன் பெயர் வரும். மருமகளின் துயர் என்றால் வரதட்சணை வரும். மனம் என்று எழுதினாலோ, பைத்தியக்காரக் குடும்பம் என்ற பட்டம் வரும். வீட்டில் இருக்கும் அடுத்த பெண்ணுக்கு வரன் வராது. எவரையும் காட்டிக்கொடுக்காத உறுப்பு வயிறு ஒன்றுதான்.

இந்த வாசகத்தின்மீதுதான் நாட்டின் கணக்கு எழும்பி நிற்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஏடு, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர் என்கிறது. தமிழ்நாட்டில் 19,834 பேர். மகாராட்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. எதில் முந்தியிருக்கிறோம், பாருங்கள்! காரணப் பட்டியலில் ‘குடும்பச் சிக்கல்’ 31.7 விழுக்காடு, ‘நோய்’ 18.4 விழுக்காடு. இந்த 18.4இல் மெய்யான நோய் எவ்வளவு, பிணவறை வாசலில் பிறந்த நோய் எவ்வளவு? கணக்கெழுதுவோர் கைக்குப் போய்ச் சேர்வதே காவல்நிலையக் குறிப்புதானே! நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து கொடுப்பவன் மருத்துவன் அல்லன். காரணம் இன்னதென்று எழுத அஞ்சும் நாடு, எதைத் தடுக்கப் போகிறது?

அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1860இல் வெள்ளைக்காரன் வகுத்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, சாக முயன்று பிழைத்தவனுக்கு ஓராண்டு வரை வெறுங்காவல் என்றது. செத்தால் தண்டனை இல்லை, பிழைத்தால் தண்டனை! சாவுக்கே அஞ்சாதவனைச் சிறையைக் காட்டி அச்சுறுத்தலாம் என்று எண்ணிய அறிவை என்னென்பது? இந்தச் சட்டத்தை நமக்குக் கொடுத்த இங்கிலாந்து, தன் மண்ணில் 1961இலேயே அதைத் தூக்கி எறிந்தது. நாமோ கட்டிக்கொண்டு அழுதோம். 1971இல் சட்ட ஆணையம் நீக்கச் சொல்லிற்று. 1978இல் மாநிலங்களவை நீக்கி நிறைவேற்றிய மசோதா, அடுத்த ஆண்டு மக்களவை கலைந்ததும் செத்தது. 1994இல் உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. 1996இல் அதே நீதிமன்றத்தின் ஐவர் ஆயம் செல்லும் என்றது.

பிறகுதான் வந்தது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. நடப்புக்கு வந்தது 2018 மே 29ஆம் நாள். அதன் 115ஆம் பிரிவை நம் இளைஞர்கள் எத்தனை பேர் படித்திருக்கிறார்கள்? தமிழ் படித்தவன் என்பதால் சட்டத்தையும் ஒரு நூலாக எடுத்துச் சொல் சொல்லாகப் படித்துப் பார்த்தேன். அதன் பொருள் இது: தற்கொலைக்கு முயன்ற ஒருவர், மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ளப்படுவார், 309ஆம் பிரிவு என்ன சொன்னாலும் அவரை வழக்காடித் தண்டிக்கலாகாது. அதன் இரண்டாம் உட்பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது: அவர் மீண்டும் அந்த எல்லைக்குப் போகாதிருக்கும்பொருட்டு, பராமரிப்பும் மருத்துவமும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை.

‘கடமை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கருணை என்று சொல்லவில்லை. இயன்றால் என்று சொல்லவில்லை. ‘கடும் மன அழுத்தம்’ என்பதையும் கவனியுங்கள். பைத்தியம் என்று சொல்லவில்லை. கடன் நெருக்கினாலும், காதலைச் சாதி மறித்தாலும், தேர்வு முறித்தாலும் நல்ல மனமும் நசுங்கும் என்று ஒப்புக்கொள்ளும் சொல் அது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகக் குற்றவாளி என்று அழைத்தவனை, முதன்முறையாக அரசு ‘துயருற்றவர்’ என்று அழைத்திருக்கிறது. அதனைப் போற்றத்தான் வேண்டும்.

போற்றிவிட்டுக் குறையையும் சொல்ல வேண்டும். ‘வழக்காடித் தண்டிக்கலாகாது’ என்ற சட்டம், ‘வழக்கே பதியலாகாது’ என்று சொல்லாமல் விட்டது. அந்தச் சந்து வழியே பழைய பூதம் நுழைந்துகொண்டே இருந்தது: 2018க்குப் பிறகும் நாட்டின் பல பகுதிகளில் 309இன்கீழ் வழக்குகள் பதிவாகி வந்தன. ‘மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி’ என்பது இன்னொரு சந்து. உயிர் தப்பிக் கட்டிலில் கிடப்பவரிடம் போய், நீ மன அழுத்தத்தில் இல்லை என்று மெய்ப்பிப்பது எந்த அறம்? கடமை என்று ஓங்கிச் சொன்ன அதே பிரிவு, கடமையில் தவறிய அரசை யார் கேட்பது, எங்கே கேட்பது என்று வாய் திறக்கவில்லை.

சட்டம் மூலம், நடைமுறைதான் உரை. மூலம் நன்றாக இருந்தும் உரையாசிரியர்கள் பொருளைக் கெடுத்த கதை நமக்குப் புதிதன்று. சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவனின் அக்காள் அப்படிக் காப்பாற்றப்பட்டு ஒரு மருத்துவமனையில் கிடந்தாள். அவனோடு போயிருந்தேன். உயிரைக் காத்த மருத்துவர்களின் கையை வணங்கலாம், அதில் குறையில்லை. ஆனால் நான்காம் நாள் அனுப்பிவைத்தபோது கொடுத்த சீட்டில் வயிற்றுக்கு இரண்டு மாத்திரை, சத்துக்கு ஒரு மாத்திரை. மனநல மருத்துவர் ஒருவர் அந்தக் கட்டிலருகே வரவில்லை. மறுபடி எங்கே வரவேண்டும், யாரைப் பார்க்கவேண்டும் என்று ஒரு வரி இல்லை. செவிலி ஒருவர் மட்டும், “இனிமே இப்படிக் கிறுக்குத்தனம் பண்ணாதம்மா” என்றார். கெட்ட எண்ணத்தில் அன்று. அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட மனமருத்துவம் அவ்வளவுதான். காவலர் வந்தார், கேட்டார். தகப்பனார் வயிற்றுவலி என்றார். திரும்பும் வழியில் பையன் கேட்டான்: “சார், அக்காவுக்கு வயித்துவலியே இல்லையே, அப்பா ஏன் அப்படிச் சொன்னாரு?” ஒருமுறை முயன்றவர்கள் மறுமுறை முயலும் ஆபத்து மற்றவர்களைவிடப் பன்மடங்கு என்பது மருத்துவ உலகம் அறிந்த உண்மை. அந்த ஆபத்தைக் குறைக்கத்தான் இரண்டாம் உட்பிரிவே எழுதப்பட்டது. எழுதப்பட்டது தில்லியில், கட்டில் இருந்தது இங்கே.

அந்தச் சட்டத்தில் நம் போன்றோர் மனப்பாடமே செய்யத்தக்க இன்னோர் இடமும் உண்டு. அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 3ஆம் பிரிவில் வருகிறது: ஒருவருடைய அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்தோ, அவர் தம் சமூகத்தின் ஒழுக்க மதிப்புகளுக்கும் சமய நம்பிக்கைகளுக்கும் இணங்கவில்லை என்பதை வைத்தோ அவரை மனநோயாளி என்று முடிவுகட்டலாகாது! சாதி தாண்டிக் காதலித்த மகளைப் ‘பித்துப் பிடித்துவிட்டது’ என்று பூசாரியிடம் இழுத்துப் போகும் குடும்பங்களுக்கு இந்த வரியை யார் படித்துக் காட்டினார்கள்? 2001 ஆகத்து 6ஆம் நாள் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி வெந்து மடிந்தார்கள். சங்கிலிக்குச் சமயம் கிடையாது. தர்க்காவில் மட்டுமன்று, கோயிலிலும் கட்டினார்கள். எவ்வடிவிலும் சங்கிலியிடுதல் ஆகாது என்று 95ஆம் பிரிவு இன்று தடுக்கிறது. மனம் நொந்தவரை முதலில் மந்திரவாதியிடமும், பிறகு மாமன் மச்சானிடமும், கடைசியில் மருத்துவரிடமும் கொண்டுபோகும் வழக்கத்தால் போன உயிர்கள் எத்தனை?

இனி, புதிய சட்டத்துக்கு வருவோம். 2024 சூலை முதல் நாள், பழைய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா என்று வடமொழிப் பெயர் சூடிய சட்டம் வந்தது. 309 அதில் இல்லை. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் 226ஆம் பிரிவு கண்ணில் படுகிறது. அரசு ஊழியரைத் தம் அலுவற்கடமை தொடர்பாக வற்புறுத்தவோ தடுக்கவோ எண்ணித் தற்கொலைக்கு முயல்வோர்க்கு ஓராண்டு வரை வெறுங்காவல், அல்லது தண்டம், அல்லது இரண்டும், அல்லது சமூகப்பணி. 115ஆம் பிரிவு பெயர் சொல்லிக் காப்பது 309இலிருந்துதான். 226ஐ அது பெயர் சொல்லவில்லை. முன்வாசல் வழியே அனுப்பிய விருந்தாளி கொல்லைப்புறமாக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

இந்தப் பிரிவு யாரைப் பிடிக்கும்? பணக்காரனையா? அவன் அரசு ஊழியரை வற்புறுத்த வேறு வழிகள் வைத்திருக்கிறான். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள். திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித்தொழிலாளியும் மனைவியும் இரு பச்சிளம் பெண் மக்களும் தீயில் கருகினார்கள். கந்துவட்டிக் கொடுமை. முன்பே மனுமேல் மனு கொடுத்து அலுத்தவர்கள். அந்தக் குழந்தைகள் சாவைத் தேர்ந்தவர்கள் அல்லர். பெற்றோர் செய்தது அவர்களுக்கு இழைத்த கொடுமையே. அதனை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் மிகை வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003லிருந்தே சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் ஒருநாள் விழித்திருந்தால், மனுக்களில் ஒன்று மேசை விட்டு மேசை நகர்ந்திருந்தால், அந்த நால்வரும் இன்று இருந்திருக்கக்கூடும். அப்படி வளாகத்துக்கு வந்து பிழைத்துக்கொண்டவரைக் குற்றவாளி ஆக்குகிறது 226. மனுவைத் தூங்கவைத்த அலுவலரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை!

அந்த நாளுக்குப் பிறகு அரசு செய்தது என்ன? திங்கள்தோறும் வாயிலில் காவலர்களை நிறுத்திப் பைகளைச் சோதித்தது. தண்ணீர்ப் புட்டியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும், கையில் இருப்பதைப் பறித்து ஓர் உயிரைக் காக்க முடியுமானால் அதுவும் நல்ல வேலைதான். கையில் இருந்த மனுவை யார் படிக்கிறார்கள்?

226இன் நிழல் இன்னும் நீளும். தமிழ்நாடு என்ற பெயருக்காக 1956 சூலை 27இல் விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கி அக்டோபர் 13இல் உயிர்நீத்த சங்கரலிங்கனார், அரசை வற்புறுத்தவே பட்டினி கிடந்தார். மணிப்பூரின் இரோம் சர்மிளா 2000 முதல் 2016 வரை உண்ணாதிருந்தபோது, அவரைத் திரும்பத் திரும்பச் சிறைப்பிடிக்கக் கைகொடுத்தது பழைய 309தான். நாளைய சர்மிளாவுக்கு 226 காத்திருக்கிறது. சாவைத் தடுக்கும் சட்டமா இது? சங்கடத்தைத் தடுக்கும் சட்டம்! யாருக்குச் சங்கடம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இவ்வளவு சொன்னபின் நம் பக்கத்தையும் திரும்பிப் பார்க்காவிட்டால் இந்தத் திறனாய்வு கோழைத்தனமாகும். 1964 சனவரியில் திருச்சியிலும், 2009 சனவரியில் சென்னையிலும் இளைஞர்கள் தம் உடலுக்குத் தீயிட்டுக்கொண்டார்கள். அவர்கள் கொண்ட கொள்கையை நான் குறைத்துப் பேசேன். அந்த இழப்புக்கு முன் குரல் தாழ்கிறது. ஆனால் மேடைகள் செய்தது என்ன? படத்துக்கு மாலை, வீரவணக்கச் சுவரொட்டி, அடுக்குமொழியில் அஞ்சலி. அந்தச் சுவரொட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும் பதினெட்டு வயதுப் பையனின் மனத்தில் என்ன எழுதப்படுகிறது என்று எவரேனும் எண்ணினோமா? ஒரு சாவைப் புகழ்ந்து பரப்பினால் இன்னொரு சாவு தூண்டப்படும் என்பது உலகெங்கும் ஆராய்ந்து கண்ட உண்மை. அதனால்தான் இந்தியப் பத்திரிகைக் குழு 2019இல் நாளேடுகளுக்கு வரைமுறை வகுத்தது: தற்கொலைச் செய்தியைப் பெரிதுபடுத்தாதே, முறையை விவரிக்காதே, தீர்வுபோல் காட்டாதே என்று. நாளேடுகளுக்கு ஆனது மேடைகளுக்கும் ஆகும். வடக்கிருந்து மாண்ட சோழனையும் அவனுக்காக உயிர்விட்ட புலவரையும் நான் வகுப்பில் நடத்துகிறேன். அந்த நட்பை எடுத்துக்கொள்ளுங்கள், சாவைப் புலவர்களோடு விட்டுவிடுங்கள் என்றுதான் மாணவரிடம் சொல்கிறேன். கணவன் சிதையில் ஏறிய அரசமாதேவியைப் பற்றிய பாட்டுக்கும் அதே விதிதான்.

சட்டத்தைச் செயற்படுத்த முடியாது, இது விதி, தலையெழுத்து என்பாரும் உளர். பொய். தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2017இல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியலிடுவதை அரசு நிறுத்தியது. தோற்ற மாணவன் ஓராண்டு காத்துக்கிடக்காமல் அதே ஆண்டில் எழுதத் துணைத்தேர்வு இருக்கிறது. அரசாணை ஒன்று, கால அட்டவணை ஒன்று. முடிவு வரும் நாளின் கொடுமை அந்த அளவுக்குத் தணிந்ததை வகுப்பறையில் நிற்கும் எங்களுக்குத் தெரியும். 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104ஐயும் அழைக்கலாம். இந்த எண்களைத் திரைப்பட விளம்பரம் ஒட்டும் சுவர்களில் ஒட்டினால் என்ன? நம் படிப்பகங்களின் கதவில் எழுதிவைக்க எந்த அரசாணை வேண்டும்?

மருத்துவர் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு முக்கால் மனநல மருத்துவர்தான் என்கிறது கணக்கு. 1794இல் தொடங்கிய பழைய மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. கடலாடியிலும் கல்வராயன் மலையிலும் இருப்பவர் கீழ்ப்பாக்கத்துக்கா நடப்பார்? சட்டம் இதனையும் எண்ணாமல் இல்லை. குறைந்தளவு மனநலச் சேவை மாவட்டத்தில் கிடைக்காவிட்டால், அந்த மாவட்டத்தில் கிடைக்கும் வேறு மனநலச் சேவையை ஒருவர் பெறலாம். செலவு அரசுடையது என்கிறது 18ஆம் பிரிவு. ஏழைக்கு அரசு மனநல நிலையங்களில் மருத்துவம் இலவசம். வறுமைக்கோட்டு அட்டை கையில் இல்லாவிட்டாலும் இலவசம். உடல்நோய்க்குத் தரும் காப்பீட்டை மனநோய்க்கும் தரவேண்டும் என்கிறது 21. மனநல ஊழியர்களின் எண்ணிக்கையைப் பன்னாட்டு அளவுக்கு உயர்த்தப் பத்தாண்டுத் தவணை கொடுத்திருக்கிறது 31. அந்தத் தவணை 2028 மே மாதத்தோடு முடிகிறது. மாவட்டத்துக்கு ஒன்றோ, சில மாவட்டங்களுக்குச் சேர்த்து ஒன்றோ மனநல மறுஆய்வு வாரியம் வேண்டும். அதில் நீதித்துறையினரும் மருத்துவரும் மட்டுமன்றி, மனநோய் கண்டு மீண்டவர்க்கும் அவர்களைப் பராமரிப்போர்க்கும் இடம் உண்டு. உங்கள் ஊருக்குரிய வாரியம் எங்கே கூடுகிறது, தோழரே? கூடுகிறதா?

கேட்டுப் பார்ப்போம். தகவலறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையும் ஒரு வெள்ளைத்தாளும் போதும். மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். சென்ற ஆண்டு உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனைகளில், உயிர்மாய்க்க முயன்று சேர்க்கப்பட்டோர் எத்தனை பேர்? அவர்களுள் வீடு திரும்புமுன் மனநல மருத்துவரைக் கண்டோர் எத்தனை பேர்? திரும்பிய பின் தொடர்ந்து பார்க்கப்பட்டோர் எத்தனை பேர்? அதே கேள்வியை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும் வேறு விதமாகக் கேளுங்கள்: 115ஆம் பிரிவைப் பற்றிக் காவலர்களுக்குப் பயிற்சி நடந்ததா, எந்நாளில், எத்தனை பேருக்கு? காவல்துறைக்கு அவ்வப்போது அத்தகைய விழிப்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என்று 30ஆம் பிரிவு சொல்லியிருக்கிறது; கேட்பது நம் உரிமை. 226இன்கீழ் வழக்குகள் எத்தனை, அவர்கள் கொண்டுவந்த மனுக்கள் என்னாயின என்பதை ஆட்சியர் அலுவலகத்திடம் கேளுங்கள்.

முப்பது நாளில் விடை வர வேண்டும். என் மாவட்டத்துக்கான மனுவை நான் எழுதி அஞ்சலில் சேர்த்துவிட்டேன். நீங்கள் பெறும் விடைகளை, ‘தகவல் இல்லை’ என்று வந்தாலும் அப்படியே, இவ்வேட்டின் முகவரிக்கு அனுப்புங்கள். மாவட்டவாரியாக அச்சிடுமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.